கைவைத்தியக் கார்

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



மலருக்கு "டெக்னிக்கலா ஏதாவது எழுதிக் கொடு தம்பி" என்று சங்கச் செயலாளர் அண்ணன் கேட்டார். நான்கு வீச்சு எஞ்சின் படம் ஒன்றை வரைந்து, பாகங்களைக் குறித்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் அதைப் பரீட்சையில் நாம் எல்லோரும் எப்படியும் வரையத்தான் போகிறோம். பத்து மார்க்குக்கு ஒரு தடவை வரைந்தால் போதாதா? ஆகவே எங்கள் வீட்டுக் காரைப் பற்றி எழுதுகிறேன். அது எங்கெங்கே நின்றது, ஏன் நின்றது, எப்படிக் கிளம்பியது என்பதுதான் இந்தக் கட்டுரை.

வீட்டில் கார் என்றதும் பணக்கார வீட்டுப் பையன் என்று நினைத்துவிடாதீர்கள். வத்தலக்குண்டு பக்கம் எங்கள் ஊர். அப்பா மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். பன்னிரண்டு வயதில் லாரி கிளீனர், பிறகு ஒரு கமிஷன் மண்டி முதலாளியிடம் டிரைவர். 2005-ல் முதலாளி புது வண்டி எடுத்தபோது, அப்பா ஓட்டிக்கொண்டிருந்த பழைய வெள்ளை அம்பாசடரை அப்பாவுக்கே கொடுத்துவிட்டு, சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொண்டார். 1986 மாடல், பெட்ரோல் வண்டி. நான் பிறப்பதற்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டதால் எனக்கு அது அண்ணன் முறை. எங்கள் ரேஷன் கார்டில் பெயர் இல்லாத குடும்ப உறுப்பினர் அது ஒன்றுதான்.

வண்டியின் ஜாதகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாக வைத்து 1957-ல் வந்தது அம்பாசடர். மேற்கு வங்காளத்தில் உத்தரபாரா என்ற ஊரில் தயாரானது. எங்கள் வண்டியின் எஞ்சின் 1489 சி.சி. 2014 மே மாதத்தோடு தயாரிப்பு நின்றுபோனது. அந்தக் காலத்தில் இதற்குப் போட்டி என்றால் ஃபியட்டும் (பின்னாளில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறியது), நம் சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டும்தான். 1983 டிசம்பரில் மாருதி 800 சாலைக்கு வந்த பிறகு கதையே மாறிவிட்டது. ஆனால் அன்றைக்கு இவை எல்லாமே கார்புரேட்டர் வண்டிகள். எனவே நான் சொல்லப்போகும் தொல்லைகள் எங்கள் வண்டிக்கு மட்டும் உரியவை அல்ல. வெயிலும் வயதும் பழைய கார் எதையும் விட்டுவைப்பதில்லை.

முதலில் பெரிய தொல்லையைச் சொல்கிறேன். 2013 மே மாதம், எனக்கு ஆறு வயது. அத்தைக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. உள்ளூர் ஆஸ்பத்திரியில் "மதுரைக்குக் கொண்டு போயிருங்க" என்று சொல்லிவிட்டார்கள். அத்தை, மாமா, பாட்டி எல்லோரும் காரில். என்னை வீட்டில் விட ஆளில்லாததால் நானும் முன்சீட்டில். நிலக்கோட்டை தாண்டி ஒரு ரயில்வே கேட் மூடியிருந்தது. மத்தியானம் இரண்டு மணி. எஞ்சினை ஆஃப் பண்ணாமல் கால்மணி நேரம் நின்றோம். கேட் திறந்து நூறு அடி போயிருக்கும், வண்டி இருமியது, குலுங்கியது, நின்றுவிட்டது. செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. பின்சீட்டில் அத்தையின் சத்தம். "நேத்துத்தான் எவனோ வண்டியை வெறிச்சுப் பாத்துட்டுப் போனான், கண்ணேறு" என்றாள் பாட்டி. மாமா இறங்கி, கட்டியிருந்த எலுமிச்சம்பழத்தை அறுத்து எறிந்தார்.

அப்பா ஒன்றும் பேசவில்லை. பானெட்டைத் தூக்கினார். தோளில் கிடந்த துண்டை என் தண்ணீர் பாட்டிலில் இருந்த தண்ணீரை ஊற்றி நனைத்து, எஞ்சின் பக்கவாட்டில் இருந்த பெட்ரோல் பம்ப்பின் மேல் சுற்றினார். மேலும் கொஞ்சம் தண்ணீர் தெளித்தார். பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்பதை எந்த ஸ்டாப் வாட்ச்சாலும் அளக்க முடியாது. பிறகு செல்ஃப் போட்டார், வண்டி பிடித்துக்கொண்டது. அத்தைக்கு அன்று சாயங்காலம் பெண் குழந்தை. அவள் இப்போது பள்ளிக்கூடத்தில் என்னைவிட நன்றாகப் படிக்கிறாள். எலுமிச்சம்பழத்தை அறுத்ததால்தான் வண்டி கிளம்பியது என்று மாமா இன்றைக்கும் சாதிக்கிறார்.

நடந்தது என்ன? இதற்கு வேப்பர் லாக் என்று பெயர். ஷெட்டில் சிலர் "ஏர் லாக்" என்பார்கள். உள்ளே போனது காற்று அல்ல, பெட்ரோல் ஆவி. பெட்ரோல் ஒரே பொருள் அல்ல, பல ஹைட்ரோ கார்பன்களின் கலவை என்பது நாம் படித்ததே. அதில் லேசான பகுதிகள் 35, 40 டிகிரியிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். பழைய வண்டிகளில் மெக்கானிக்கல் பம்ப் எஞ்சின் உடம்போடு போல்ட் போட்டு மாட்டியிருக்கும். டேங்க்கோ வண்டியின் பின்னால். பம்ப் அங்கிருந்து உறிஞ்சுகிறது. உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைகிறது, அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறைகிறது. வண்டி ஓடும்போது காற்றுப் பட்டு ஓரளவு ஆறும். கேட்டில் நின்றால் அதுவும் இல்லை. பம்ப்புக்குள் பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப்பின் டயாஃப்ரம் திரவத்தைத் தள்ளத்தான் லாயக்கு. ஆவியை அது அழுத்தினால் ஸ்பிரிங் மாதிரி சுருங்கி விரியுமே தவிர, கார்புரேட்டருக்குப் போகாது.

ஈரத்துண்டு செய்த வேலை மண்பானை செய்கிற வேலை. ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக 2,200 கிலோஜூலுக்கு மேல் வெப்பம் வேண்டும். அதைப் பம்ப்பிடமிருந்து எடுத்துக்கொண்டது. பம்ப் குளிர்ந்தது, ஆவி மறுபடி திரவமானது. இன்றைய கார்களில் எலெக்ட்ரிக் பம்ப் டேங்க்குக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு அழுத்தத்தோடு தள்ளுவதால் இந்தத் தொல்லை அநேகமாக ஒழிந்தது.

முதல் வருடம் தெர்மல் வகுப்பில் லேட்டன்ட் ஹீட் நடத்தியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. பக்கத்து பெஞ்ச் நண்பன் "என்னடா காய்ச்சலா?" என்றான். அந்த வாரம் ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு, "எனக்கு என்ன செய்யணும்னு தெரியும்டா. ஏன்னு கேட்டா தெரியாது. துண்டை நனைச்சுப் போடுன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு லாரி டிரைவர் அண்ணன். அவருக்கும் ஏன்னு தெரிஞ்சிருக்காது" என்றார். அன்றிலிருந்து எங்கள் இருவருக்கும் ஒரு வழக்கம். ஊருக்குப் போகும்போதெல்லாம் அப்பா ஒரு கைவைத்தியம் சொல்வார், நான் காரணம் தேடிக்கொண்டு வருவேன். அதில் சில அற்புதமானவை. சில, உயிரோடு விளையாடுகிறவை. எது எந்த ரகம் என்று காரணம் தெரிந்தால்தான் பிரிக்க முடியும்.

ஹேக்ஸா பிளேடை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பார்க் பிளக் கழற்றிச் சுத்தம் செய்தால், இடைவெளியைச் சரிபார்க்க அப்பா உடைந்த ஹேக்ஸா பிளேடு ஒன்றை நுழைத்துப் பார்ப்பார். லேசாக உரசிக்கொண்டு போனால் சரி. நம் லேபில் மைக்ரோமீட்டர் கொடுத்த அன்று முதல் வேலையாக ஹேக்ஸா பிளேடைத்தான் அளந்தேன். 0.64 மில்லிமீட்டர் வந்தது. அந்த எஞ்சினுக்குப் பிளக் இடைவெளி 0.025 அங்குலம். மில்லிமீட்டருக்கு மாற்றிப் பாருங்கள், 0.635! எவரோ ஒரு பெயர் தெரியாத மெக்கானிக், எந்தப் பட்டறையிலும் கிடைக்கிற அளவுகோலைக் கண்டுபிடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். ஃபீலர் கேஜ் வாங்கக் காசில்லாதவனுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் உண்டா?

சி.பி. பாயிண்ட்டுக்கு அப்பா தீப்பெட்டி அட்டையை வைப்பார். அதற்கு வேண்டியது 0.015 அங்குலம், அதாவது சுமார் 0.4 மில்லிமீட்டர். அட்டை ஏறக்குறைய அந்த அளவுதான். ஆனால் அட்டை அழுந்தும், ஈரம் பட்டால் உப்பும். எனவே இந்த வைத்தியத்துக்குப் பாஸ் மார்க் மட்டும்தான். பாயிண்ட் இடைவெளி மாறினால் பற்றவைக்கும் நேரமும் மாறும், வண்டி இழுக்காது, பெட்ரோல் குடிக்கும்.

பற்றவைக்கும் நேரம் என்றதும் ஹேண்டில் ஞாபகம் வருகிறது. பேட்டரி இறங்கிவிட்டால் முன்னால் இரும்பு ஹேண்டிலைச் சொருகிச் சுற்ற வேண்டும். எங்கள் தெருப் பையன்கள் எல்லோருக்கும் அதைச் சுற்றிப்பார்க்க ஆசை. அப்பா ஒருவரையும் விடமாட்டார். அவரே பிடித்தாலும், கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களின் பக்கமே வைத்துக்கொண்டு, கீழேயிருந்து மேலே இழுப்பார். கையை மூடிப் பிடிக்கக் கூடாது. காரணம் இதுதான். பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்குக் கொஞ்சம் முன்னாலேயே பொறி விழுகிறது. எஞ்சின் வேகமாகச் சுற்றும்போது அது சரி. கையால் மெதுவாகச் சுற்றும்போது, பிஸ்டன் உச்சியைத் தாண்டுவதற்குள் வெடிப்பு நடந்துவிட்டால், கிராங்க் ஷாஃப்ட் பின்பக்கமாக உதைக்கும். கட்டைவிரல் ஹேண்டிலைச் சுற்றியிருந்தால் எலும்பு முறிந்துவிடும். விரித்து வைத்திருந்தால் ஹேண்டில் கையைவிட்டு நழுவிப்போகும்.

கியர் விஷயத்தைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் விஞ்ஞானத்தைவிடச் சிரிப்புதான் அதிகம். ஸ்டீயரிங் ஓரத்தில் கியர் கம்பு. அங்கிருந்து கியர்பாக்ஸ் வரை கம்பிகளும் புஷ்களும். புஷ் தேய்ந்தால் முதல் கியருக்கும் ரிவர்ஸுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். ஒருமுறை கல்யாண ஊர்வலத்தில் மாப்பிள்ளையை வைத்துக்கொண்டே மாட்டிக்கொண்டது. அப்பா புதுச்சட்டையோடு இறங்கி, பானெட்டைத் தூக்கி, ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி விடுவித்தார். நாதஸ்வரக்காரர் மட்டும் வாசிப்பை நிறுத்தவே இல்லை.

இனி ரேடியேட்டர். அப்பாவின் இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் வழவழப்பாகச் சுருங்கி இருக்கும். கிளீனராக இருந்தபோது கொதிக்கிற ரேடியேட்டர் மூடியைத் திறந்ததால் வந்தது. இதில் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு ஒன்று இருக்கிறது. அழுத்தம் ஒரு பவுண்டு கூடினால் தண்ணீரின் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி கூடும். ஏழு பவுண்டு மூடி போட்ட ரேடியேட்டரில் தண்ணீர் 110 டிகிரி வரைகூடக் கொதிக்காமல் இருக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் போய்விடுகிறது. 110 டிகிரியில் இருக்கும் தண்ணீர் திரவமாக இருக்க முடியாமல் நீராவியாகச் சீறிக்கொண்டு முகத்துக்கு வருகிறது.

கொடைக்கானல் மலையில் இது இன்னும் மோசம். எங்கள் ஊரிலிருந்து மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைகிறது. 2,100 மீட்டர் உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கும். ஏற்றத்தில் வண்டியோ முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் முக்கி முனகி ஏறுகிறது. வெப்பம் அதிகம், எதிர்க்காற்று குறைவு. டம்டம் பாறைக்கு வருவதற்குள் பழைய வண்டிகள் பெருமூச்சு விடத் தொடங்கும். ஓரங்கட்டி, பானெட்டைத் திறந்துவைத்து, அரைமணி நேரம் காத்திருப்பதைவிட நல்ல வைத்தியம் கிடையாது. அவசரப்பட்டுப் பச்சைத் தண்ணீரைச் சூடான எஞ்சினுக்குள் ஊற்றினால், வார்ப்பிரும்பு ஓரிடத்தில் சுருங்கி மற்றோரிடத்தில் விரிந்து, சிலிண்டர் ஹெட் வெடிப்பு விடும். சூடான கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய கதைதான்.

ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்தூள் போடுகிற வைத்தியமும் உண்டு. கேள்விப்பட்டிருப்பீர்கள். தூள் தண்ணீரில் ஊறி, ஒழுகும் ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். வீடு வந்து சேரலாம். ஆனால் ஓட்டை எது, ரேடியேட்டரின் மெல்லிய குழாய் எது என்று மஞ்சளுக்குத் தெரியாது. இரண்டையும் அடைக்கும். வீடு வந்ததும் கழுவாமல் விட்டால் அடுத்த பயணத்தில் கட்டாயம் கொதிக்கும். டேங்க் ஒழுகினால் குளியல் சோப்பைத் தேய்ப்பதும் இதே மாதிரிதான். சோப் பெட்ரோலில் கரையாது என்பதால் கொஞ்ச நேரம் நிற்கும். தண்ணீர் பட்டால் போய்விடும். ஷெட் வரைக்கும்தான் அதன் ஆயுள்.

ஃபியூஸ் போனால் சிகரெட் பெட்டி வெள்ளித்தாளைச் சுற்றிச் சொருகுகிறார்களே, அதை மட்டும் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள், செய்கிறவர்களையும் விடாதீர்கள். ஒயரைக் காப்பாற்றத் தான் எரிந்துபோவதுதான் ஃபியூஸின் வேலை. வெள்ளித்தாள் எத்தனை ஆம்பியரில் எரியும் என்று யாருக்கும் தெரியாது. அது எரியாவிட்டால் ஒயர் எரியும், ஒயர் எரிந்தால் வண்டி எரியும்.

பிரேக்கைப் பற்றி அப்பா சொல்வது ஒரே வாசகம்: "எந்த கியர்ல ஏறுனியோ அந்த கியர்லயே இறங்கு." இதை நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆளோடு சேர்த்து வண்டி 1,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கொடைக்கானலிலிருந்து எங்கள் ஊருக்குச் சுமார் 1,800 மீட்டர் இறக்கம். எம்.ஜி.எச். போட்டால் இரண்டரைக் கோடி ஜூலுக்கு மேல் வருகிறது. 90 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் இது! நியூட்ரலில் விட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன் என்று இறங்குகிறவர்கள், இதில் பெரும்பகுதியை நான்கு பிரேக் டிரம்களின் தலையில் கட்டுகிறார்கள். டிரம் சூடேறினால் விரிந்து, பிரேக் ஷூவைவிட்டு விலகும். லைனிங்கின் பிடிப்பும் குறையும். பெடல் கீழே போகும். இது போதாதென்று பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமுடையது. டாட் 3 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் இழுத்துப் பழசானால் 140 டிகிரிக்கே இறங்கிவிடலாம். ஆயில் கொதித்துக் குமிழி வந்தால், பெடலை மிதிக்கிற கால் குமிழியைத்தான் அமுக்கும், பிரேக்கை அல்ல. கியரில் இறங்கினால் எஞ்சின் அந்தப் பாரத்தைப் பங்குபோட்டுக்கொள்கிறது. நண்பர்களோடு சேர்ந்து மலைக்கு வண்டி எடுத்துப் போகிறவர்கள் இந்த ஒரு பாராவையாவது இரண்டு தடவை படியுங்கள்.

செலவைச் சொல்லாவிட்டால் அம்மா கோபித்துக்கொள்வாள். 2016-ல் வண்டி வெள்ளைப் புகையும் நீலப் புகையும் மாறி மாறி விட்டது. நீலம் என்றால் பிஸ்டன் ரிங் தேய்ந்து எஞ்சின் ஆயில் எரிகிறது. சூடேறிய பிறகும் வெள்ளை நிற்காவிட்டால் ஹெட் கேஸ்கட் வழியே தண்ணீர் உள்ளே போகிறது. ரீபோர் செய்து, பெரிய சைஸ் பிஸ்டன் போட வேண்டியதாயிற்று. அம்மாவின் தோடு அடகுக்கடைக்குப் போனது. திரும்பி வர ஒன்றரை வருடம். அந்த ஒன்றரை வருடமும் அம்மா காதில் வேப்பங்குச்சி. "தோடு போட்டிருக்கிறது நான் இல்ல, உங்க காருதான்" என்பாள். பழைய வண்டிகளுக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமும் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் இருபது வயது தாண்டிய கார்களுக்கு அது 10,000 ஆனது. விற்றுவிடலாம் என்று வீட்டில் பேச்சு வரும்போதெல்லாம் அப்பா எழுந்து வண்டியைத் துடைக்கப் போய்விடுவார்.

கடைசியாக, அப்பாவிடம் வைத்தியம் இல்லாத ஒரு நோய் வந்தது. சென்ற விடுமுறையில் காலையில் ஷெட்டைத் திறந்தால் பெட்ரோல் வாடை. பெட்ரோல் ரப்பர் குழாயைத் தொட்டால் உப்பி, பிசுபிசுத்து, வளைத்த இடத்தில் வெடிப்பு. மாற்றி ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கடையில் ஏமாற்றிவிட்டான் என்று அப்பா நினைத்தார். நான் பெட்ரோலைக் கேட்டேன். இந்தியாவில் பெட்ரோலோடு எத்தனால் கலப்பது 2025-ல் 20 விழுக்காட்டை எட்டியதாக அரசு அறிவித்தது. எத்தனால் பெட்ரோலைப் போன்றதல்ல. தண்ணீரோடு சேரும் குணமுள்ளது, பழைய ரக ரப்பரை உப்ப வைக்கும், டேங்க்கில் பல வருடமாகப் படிந்த கசடைக் கரைத்து ஃபில்டருக்குக் கொண்டுவரும். இன்னொன்று, ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். 20 விழுக்காடு கலந்தால் 13.5 அளவுக்கு வருகிறது. புது வண்டியில் ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். நம் கார்புரேட்டருக்குக் கண்ணும் இல்லை, மூளையும் இல்லை. பழைய ஜெட் அளவிலேயே ஊற்றும். எரிபொருள் போதாமல் வண்டி திணறும், சூடேறும். அப்பா கொஞ்ச நாளாகவே "முன்ன மாதிரி இழுக்கலடா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

திணறல் போகட்டும். சூடான எஞ்சினுக்கு மேலே பெட்ரோல் சொட்டுவதுதான் பயம். அந்த வண்டியில் அம்மாவும், அத்தை மகளும், பாட்டியும் உட்காருகிறார்கள். அன்றைக்கே வண்டியை நிறுத்திவைத்தோம். மதுரைக்குப் பஸ்ஸில் போய், எத்தனாலைத் தாங்கும் ஃப்ளூரோ எலாஸ்டோமர் உள்பூச்சு உள்ள குழாயாகக் கேட்டு வாங்கிவந்தேன். சாதாரணக் குழாயைவிடப் பல மடங்கு விலை. அப்பா வாயைத் திறந்து விலை கேட்கவில்லை. பம்ப்பின் டயாஃப்ரமையும் ஃபில்டரையும் மாற்றினோம். கிளிப்புகளை அவர் முறுக்கினார், எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது அவர் விரலுக்குத்தான் தெரியும். கார்புரேட்டர் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாக்குவது பொங்கல் விடுமுறை வேலை.

கழற்றிய பழைய குழாயைத் துண்டாக நறுக்கி ஹாஸ்டலுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். வீட்டில் பழைய ஸ்கூட்டரோ, மொபெட்டோ, காரோ வைத்திருக்கும் நண்பர்கள் வந்து கையால் தொட்டுப் பாருங்கள். உங்கள் வண்டிக் குழாயும் அதே மாதிரி பிசுபிசுத்தால், அடுத்த தடவை ஊருக்குப் போகிறபோது குழாயோடு போங்கள். எந்தக் கடையில் கிடைக்கும் என்று சொல்கிறேன்.